ஏஐ உதவியாளர் கோப்பு ஏற்ற ஒரு எம்சிபி சர்வர்: அடி முதல் முடி வரை

எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்பது ஏஐ உதவியாளர் வெளிக் கருவிகளை அழைக்க உதவும் நெறிமுறை; அந்தக் கருவிகளைத் தருவது எம்சிபி சர்வர். இதன் வழியே உதவியாளருக்குக் கோப்பு ஏற்றும் வசதி கொடுப்பது ஒரு மணி நேர வேலை போலத் தோன்றும். பெயர், உள்ளடக்கம் என இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஒரு கருவி. உள்ளடக்கத்தை பேஸ்64 (பைட்டுகளை வெறும் எழுத்துகளாக எழுதும் முறை) ஆக வாங்கி டிஸ்கில் எழுதிவிட்டால் முடிந்தது. இரண்டு கிலோபைட் உரைக்கோப்பை வைத்துப் பார்த்தால் வேலையும் செய்யும். அடுத்து ஒரு புகைப்படத்தைக் கொடுத்ததும் படுத்துவிடும்.

காரணம் எளிய கணக்கு. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். 1 மெகாபைட் படம், அதாவது 10,48,576 பைட், 13,98,104 எழுத்துகளாக ஊதிவிடும். கருவியை அழைக்கும்போது அத்தனை எழுத்துகளையும் உதவியாளரை இயக்கும் மொழி மாதிரிதான் டோக்கன் டோக்கனாக (சிறு எழுத்துத் துண்டுகளாக) எழுதியாக வேண்டும். பெரும்பாலும் பாதியிலேயே வரம்பில் முட்டி நின்றுவிடும். நிற்காமல் போனால் இன்னும் மோசம்: நடுவில் ஒரு எழுத்து மாறினாலும் அது செல்லுபடியாகும் பேஸ்64 எழுத்தாகவே இருக்கும், டிகோடர் முணுமுணுக்காது, சேமிப்பகத்தில் ஒரு உடைந்த படம் சத்தமில்லாமல் போய் உட்காரும்.

எனவே கீழே உள்ள எல்லா அமைப்பும் ஒரே விதியின் மேல் நிற்கிறது. கோப்பின் பைட்டுகள் மாதிரியின் வாய் வழியாகப் போகக் கூடாது. எந்தக் கோப்பு, எங்கே போக வேண்டும் என்று சொல்வது மட்டுமே மாதிரியின் வேலை. பைட்டுகளைச் சுமப்பது சர்வர், அல்லது சர்வர் கொடுத்த அனுமதிச்சீட்டைக் கையில் வைத்திருக்கும் வேறொரு நிரல். ஒரே விலக்கு, உதவியாளர் தானே எழுதிய சிறு உரை: குறிப்பு, சிஎஸ்வி, மார்க்டவுன் போன்றவை. அதற்கென்று தனிக் கருவி வைத்து, பேஸ்64 இல்லாமல் நேரடி உரையாக, 64 கிலோபைட் வரம்போடு வாங்கிக்கொள்ளுங்கள்.

லோக்கலா, ரிமோட்டா

எம்சிபி நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. உள்ளே ஓடுவது ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற செய்தி வடிவம். செய்திகள் போக இரண்டு வழிகள். ஒன்று ஸ்டான்டர்டு இன்புட், அவுட்புட் வழியாக: பயனரின் கணினியிலேயே சர்வர் ஒரு துணைச் செயல்முறையாக ஓடும். மற்றொன்று ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி. 2025 மார்ச் பதிப்பில் பழைய எஸ்எஸ்இ வழிக்குப் பதிலாக வந்தது.

கோப்புகள் பயனரின் டிஸ்கில் இருந்தால் லோக்கல் சர்வரே போதும்: பாதையை வாங்கி, திறந்து, அனுப்பிவிடும். பலர் பயன்படுத்த வேண்டும் என்றாலோ, உதவியாளர் இணையத்தில் ஓடுகிறது என்றாலோ ரிமோட் சர்வர்தான் வேண்டும். அதற்கு டிஸ்க் தெரியாது என்பதால் அனுமதிச்சீட்டு முறைக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உதவியாளருக்குச் சொந்தமாக ஒரு சாண்ட்பாக்ஸ் (நிரல் ஓட்டத் தனியாக அடைத்து வைத்த சூழல்) இருந்து, அதில் பைத்தான் ஓட்டிக் கோப்பை உருவாக்கியிருந்தால், அது சொல்லும் பாதை சாண்ட்பாக்ஸுக்குள் உள்ள பாதை. உங்கள் லோக்கல் சர்வர் அதைத் தேடினால் கோப்பு இல்லை என்றுதான் வரும். பயனர் உரையாடலில் இணைத்த படத்துக்கும் இதே கதை. இணைப்பு உதவியாளரின் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் சர்வருக்குத் தானாக வந்து சேராது. கருவியின் விளக்கத்திலேயே "பயனரின் கணினியில், அனுமதித்த ஃபோல்டருக்குள் உள்ள கோப்புகள் மட்டும், சாண்ட்பாக்ஸ் பாதைகள் இங்கே செல்லாது" என்று எழுதிவிடுங்கள். மாதிரி படிக்கும் முக்கியக் கையேடு அந்த விளக்கம்தான்.

லோக்கல் சர்வரை அமைப்பது

1. பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல். யூவி (பைத்தான் பொதிகளை நிர்வகிக்கும் கருவி) கொண்டு புதிய புராஜெக்ட் உருவாக்கி எம்சிபி பொதியைச் சேருங்கள். ஃபங்ஷனுக்கு மேல் கருவி டெகரேட்டரைப் போட்டால் டைப் குறிப்புகளிலிருந்து உள்ளீட்டு ஸ்கீமாவும், டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து விளக்கமும் தானாக உருவாகும்.

2. சிறு உரைக்கான கருவியைத் தவிர மூன்று போதும்: பட்டியல் (அனுமதித்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது), ஏற்று (ஒரு பாதையை வாங்கி அனுப்பும்), நிலை (அடையாள எண்ணைக் கொடுத்தால் ஏறியதா என்று சொல்லும்). இங்கே தமிழில் குறிப்பிட்டாலும், நிரலில் கருவிப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்து, அடிக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு எழுத்துகளை ஏற்காத கிளையன்டுகள் (சர்வரோடு இணையும் உதவியாளர் செயலிகள்) உண்டு.

3. அனுமதித்த ஃபோல்டர், சேரிடத்தின் முகவரி, ரகசிய டோக்கன் (சேரிடத்துக்கான கடவுச்சொல் போன்றது), உச்ச அளவு நான்கையும் என்விரான்மென்ட் மாறிகளிலிருந்து (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்புகள்) எடுங்கள். டோக்கனைக் கருவியின் உள்ளீடாக வைத்தால் அது உரையாடலில் பதிவாகிவிடும். பிழைச் செய்தியிலும் அது எட்டிப்பார்க்காதபடி பாருங்கள். சில எச்டிடிபி நூலகங்கள் பிழை வந்தால் முழு யுஆர்எல்லையும் கக்கும்.

4. கிளையன்டின் அமைப்புக் கோப்பில் சர்வரைப் பதியுங்கள்: கட்டளை, ஆர்குமென்ட்கள், மாறிகள். கட்டளைக்கு யூவியின் முழுப் பாதையைக் கொடுங்கள். டெஸ்க்டாப் செயலிக்கு உங்கள் டெர்மினலின் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) தெரியாது. "டெர்மினலில் ஓடுகிறது, செயலியில் ஓடவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதில்தான் முடியும். விண்டோஸில் ஜேசனுக்குள் பின்சாய்கோட்டை இரட்டையாகப் போட வேண்டும். மாற்றிய பிறகு ஜன்னலை மூடினால் போதாது, செயலியை முழுவதும் நிறுத்தித் திறக்க வேண்டும்.

5. நிரலில் எங்கும் பிரிண்ட் கூடாது. ஸ்டான்டர்டு அவுட்புட்டில் போவது ஒவ்வொரு வரியும் ஒரு ஜேசன் செய்தி. நடுவில் "கோப்பு கிடைத்தது" என்று ஒரு வரி விழுந்தால் கிளையன்டுக்கு அது உடைந்த ஜேசன். பதிவுகளை ஸ்டான்டர்டு எரருக்குத் திருப்புங்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் இறக்குமதி செய்த நூலகம் ஒன்று முன்னேற்றப் பட்டை காட்டி இதே குழப்பத்தைச் செய்யலாம்.

6. கோப்பை முழுவதும் நினைவகத்தில் ஏற்றாமல் 1 மெகாபைட் துண்டுகளாகப் படித்து, அனுப்பிக்கொண்டே எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிடுங்கள். முடிவாகத் திருப்பித் தர வேண்டியவை அடையாள எண், அளவு, ஹாஷ் ஆகியவை மட்டும். நீளமான பதில் மாதிரியின் இடத்தைத் தின்னும்.

பாதைச் சரிபார்ப்பு: அவசரம் வேண்டாம்

மாதிரி தரும் பாதையை, முன்பின் தெரியாத ஒருவர் தட்டச்சு செய்ததாகவே நடத்துங்கள். இரண்டு புள்ளியும் சாய்கோடும் ( ../ ) போட்டு வெளியே ஏறும் பழைய தந்திரம் எல்லோருக்கும் தெரியும். வழக்கமாகத் தவறுவது அதைத் தடுக்கும் விதத்தில். முழுப் பாதை அனுமதித்த ஃபோல்டரின் பெயரில் தொடங்குகிறதா என்று வெறும் எழுத்தாக ஒப்பிட்டால், "/தரவு/ஏற்றம்" மட்டும் அனுமதி என்று வைத்திருந்தாலும் "/தரவு/ஏற்றம்-பழையது" உள்ளே நுழைந்துவிடும். இரு பாதைகளையும் சிம்லிங்க் (வேறொரு கோப்பையோ ஃபோல்டரையோ சுட்டும் குறுக்குவழி) விலக்கிய உண்மைப் பாதையாக மாற்றி, பகுதி பகுதியாக ஒப்பிட வேண்டும். பைத்தான் 3.9 முதல் பாத்லிப்பில் இதற்கென்றே ஒரு மெதட் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. சரிபார்த்ததற்கும் திறப்பதற்கும் இடையில் கோப்பை வேறொன்றுக்கான சிம்லிங்காக மாற்ற முடியும். ஆகவே சிம்லிங்கைப் பின்தொடராதே என்ற கொடியோடு திறந்து, திறந்த கைப்பிடியின் மீதே அளவையும் வகையையும் பாருங்கள். அந்தக் கொடி பாதையின் கடைசிப் பகுதியை மட்டுமே காக்கும். இடைப்பட்ட ஃபோல்டர்களையும் சேர்த்துக் காக்க வேண்டுமானால் லினக்ஸ் கெர்னல் 5.6-இல் வந்த ஓப்பன்அட்2 அழைப்பு உதவும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினியில் இவ்வளவு தேவையா என்றால், தேவையில்லை. பலர் எழுதக்கூடிய ஃபோல்டர் என்றால் தேவை.

சாதாரணக் கோப்பா என்ற சோதனையை விட்டுவிடாதீர்கள். பெயரிட்ட பைப் ஒன்றைத் திறந்தால் மறுமுனையில் யாரும் எழுதும் வரை சர்வர் அப்படியே உறைந்து நிற்கும். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். எஸ்எஸ்எச் சாவி, என்விரான்மென்ட் கோப்பு, கிட் வரலாறு எல்லாம் அங்கேதான் வசிக்கின்றன.

கோப்புப் பெயர், வகை

லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் பெயரின் வரம்பு 255. இது எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "விண்ணப்பம்" என்ற சொல்லில் புள்ளிகளும் இகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 10 குறியீடுகள், 30 பைட். இப்படி ஒன்பது சொற்கள் கொண்ட தலைப்பையே பெயராக வைத்தால் வரம்பு தாண்டிவிடும். பைட்டை எண்ணி வெட்டும்போது ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டிவிட்டால் பெயர் முழுக்கச் சிதையும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. "கொ" என்பதை ஒகர உயிர்க்குறிக்கான ஒரே குறியீட்டாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் கோப்பை ஏற்றச் சொன்னால் "அப்படி ஒன்று இல்லை" என்று வருவதற்கு இது அடிக்கடி காரணம். சேமிக்கும் பெயரை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். டிஸ்கில் தேடும்போது மட்டும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அதே வடிவத்துக்கு மாற்றி ஒப்பிட்டு, திறக்க அசல் பெயரையே பயன்படுத்துங்கள்.

சேமிப்பகத்திலோ அசல் பெயரை வைக்கவே வேண்டாம். 128 பிட் தற்செயல் எண்ணைச் சாவியாக வைத்து, அசல் பெயரை மெட்டாடேட்டாவில் போடுங்கள். மேலெழுதும் தகராறும் இல்லை, சாவியை யாரும் ஊகிக்கவும் முடியாது.

வகையை எக்ஸ்டென்ஷனை வைத்து நம்ப வேண்டாம், முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். பிஎன்ஜி என்றால் 137, 80, 78, 71. ஜேபெக் என்றால் 255, 216, 255. பிடிஎஃப் என்றால் 37, 80, 68, 70. ஜிப் பெரும்பாலும் 80, 75, 3, 4. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் இரண்டும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் ஜிப்பைத் தடுத்தால் அவையும் தடைபடும். எஸ்விஜி, எச்டிஎம்எல் இரண்டுக்குள்ளும் ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்க முடியும். ஏற்றியவற்றை உங்கள் முதன்மை டொமைனிலிருந்து காட்டாமல் தனி டொமைனில் வைத்து, திறக்காமல் தரவிறக்கச் சொல்லும் ஹெடரையும், வகையை ஊகிக்காதே என்ற நோஸ்னிஃப் ஹெடரையும் சேர்த்து அனுப்புங்கள்.

ரிமோட் சர்வர்: அனுமதிச்சீட்டு முறை

அமேசானின் எஸ்3 அல்லது அதே ஏபிஐ பேசும் மினியோ போன்ற சேமிப்பகம் இருந்தால், முன்கையொப்பமிட்ட யுஆர்எல் (குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் ஏற்ற அனுமதிக்கும் லிங்க்) இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். போக்கு இப்படி:

உதவியாளர் "அனுமதி கேள்" கருவியைப் பெயர், அளவு, வகை, எஸ்எச்ஏ-256 ஆகியவற்றோடு அழைக்கும். சர்வர் வரம்புகளைப் பார்த்து, தற்காலிகப் பகுதியில் ஒரு சாவியை ஒதுக்கி, டேட்டாபேஸில் "காத்திருப்பு" என்று குறித்து, 10 நிமிடம் செல்லும் யுஆர்எல்லைத் தரும். எஸ்3 ஏழு நாள் வரை அனுமதிக்கும்; அவ்வளவு தாராளம் வேண்டாம், அந்த லிங்க் கையில் இருக்கும் எவரும் அது காலாவதியாகும் வரை எத்தனை முறையும் எழுதலாம். பிறகு யாரோ ஒருவர் அந்த யுஆர்எல்லுக்குக் கோப்பை அனுப்ப வேண்டும். முடிந்ததும் உதவியாளர் "உறுதி செய்" கருவியை அழைக்கும். சர்வர் சேமிப்பகத்தில் அளவையும் ஹாஷையும் ஒப்பிட்டுப் பார்த்து, நிரந்தரச் சாவிக்கு நகலெடுக்கும். லிங்க் இன்னும் உயிரோடு இருந்தாலும் நிரந்தர நகலை அது தொட முடியாது.

அந்த "யாரோ ஒருவர்" யார் என்பதில்தான் பல திட்டங்கள் இடறுகின்றன. வெறும் உரையாடல் மட்டும் செய்யும் உதவியாளரால் யுஆர்எல்லுக்கு எதையும் அனுப்ப முடியாது. அதற்கு ஷெல்லோ நிரல் ஓட்டும் சூழலோ வேண்டும், அந்தச் சூழலிலிருந்து உங்கள் சேமிப்பக டொமைனுக்கு வெளியே போக அனுமதியும் வேண்டும். பல சாண்ட்பாக்ஸ்களில் இணையம் மூடியே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மாற்றாக ஒரு சிறு இணையப் பக்கம் செய்யுங்கள்: கருவி அந்தப் பக்கத்தின் லிங்கைத் தரும், பயனர் பிரவுசரில் திறந்து கோப்பை இழுத்துப் போடுவார், உதவியாளர் "நிலை" கருவியால் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளும். இந்தப் பக்கம் இயங்கச் சேமிப்பகத்தில் கார்ஸ் விதி (வேறு டொமைனின் பக்கத்திலிருந்து வரும் கோரிக்கையை அனுமதிப்பது) தேவை. மறந்தால் பிரவுசர் கன்சோலில் மட்டும் பிழை தெரியும், சர்வர் பதிவில் ஒன்றும் இருக்காது.

இந்த முறையில் வரும் கோளாறுகள் அநேகமாகக் கீழே உள்ளவைதான்.

- கையொப்பம் பொருந்தவில்லை என்ற 403: கையொப்பமிடும்போது கன்டென்ட்-டைப் ஹெடரைச் சேர்த்திருந்தால், அனுப்பும்போதும் எழுத்துக்கு எழுத்து அதே மதிப்பு வேண்டும்.
- மணி பொருந்தவில்லை என்ற பிழை: கையொப்பமிட்ட கணினியின் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கிறது. நேர ஒத்திசைவுச் சேவையைப் பாருங்கள்.
- சொன்னதைவிடப் பெரிய கோப்பு: புட் (கோப்பை அப்படியே அனுப்பும் எச்டிடிபி கோரிக்கை) முறையில் கன்டென்ட்-லெங்த்தைக் கையொப்பத்துக்குள் சேர்க்காவிட்டால் அளவை யாரும் தடுப்பதில்லை. போஸ்ட் (படிவமாக அனுப்பும்) முறையின் பாலிசியில் அளவு வரம்பை எழுத முடியும்.
- ஹாஷ் பொருந்தவில்லை, ஆனால் கோப்பு சரியாக இருக்கிறது: எஸ்3 எஸ்எச்ஏ-256-ஐ பேஸ்64 வடிவில் கேட்கும், உதவியாளர் கொடுப்பது பெரும்பாலும் 64 இலக்க ஹெக்ஸ். ஈடேக்கை (எஸ்3 ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாளக் குறி) ஹாஷாக எடுத்துக்கொள்வதும் தவறு. பல பகுதிகளாக ஏற்றியதில் அது கோப்பின் எம்டி5 அல்ல.

ஒரே புட்டில் 5 ஜிகாபைட் வரை போகலாம். நடைமுறையில் 100 மெகாபைட்டைத் தாண்டினால் பல பகுதி ஏற்றத்துக்கு மாறுங்கள். கடைசிப் பகுதி தவிர ஒவ்வொன்றும் குறைந்தது 5 மெகாபைட், மொத்தம் 10,000 பகுதிகளுக்குள். பாதியில் கைவிட்ட பகுதிகளுக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றையும் தற்காலிகப் பகுதியில் கிடப்பவற்றையும் ஒரு நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ்

உங்கள் சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் வழக்கமாக 1 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோரிக்கையை 413 சொல்லித் திருப்பும். உடனே அந்த வரம்பை 100 ஆக்குவார்கள். எம்சிபி முகவரிக்கு அதைத் தொடாதீர்கள். அனுமதிச்சீட்டு முறையில் கருவி அழைப்புகள் சில கிலோபைட்தான். அங்கே 413 வந்தால், யாரோ பேஸ்64-ஐத் திணிக்கிறார்கள் என்று அர்த்தம். அது உங்களுக்கு வேண்டிய எச்சரிக்கை.

மாற்ற வேண்டியவை வேறு. பிராக்ஸி பஃபரிங்கை நிறுத்தாவிட்டால் தொடர்ந்து வர வேண்டிய பதில்கள் மொத்தமாகத் தேங்கி வரும். படிக்கும் கால வரம்பு இயல்பாக 60 நொடி. டைப்ஸ்கிரிப்ட் எஸ்டிகே வழியாக எழுதிய கிளையன்டுகளும் இயல்பாக 60 நொடியில் கைவிடும். எனவே எந்தக் கருவியும் அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்: நீண்ட வேலையைப் பின்னணியில் தள்ளி அடையாள எண்ணை உடனே கொடுத்துவிடுங்கள், மீதியை "நிலை" கருவி பார்த்துக்கொள்ளும். கைவிட்ட கிளையன்ட் மறுபடியும் அழைக்கும். அதே ஹாஷ், அதே பயனர் என்றால் பழைய அடையாள எண்ணையே திருப்பிக் கொடுத்தால் இரட்டைக் கோப்பு சேராது.

சோதனைக் கட்டத்தில் 127.0.0.1-இல் மட்டும் கேட்கச் செய்து, ஆரிஜின் ஹெடரைச் சரிபாருங்கள். இல்லையென்றால் பயனர் திறக்கும் ஏதோ ஒரு இணையப் பக்கம் டிஎன்எஸ் ரீபைண்டிங் (தன் டொமைன் பெயரை உங்கள் உள்முகவரிக்குத் திருப்பும் தந்திரம்) மூலம் உங்கள் சர்வரோடு பேச முடியும். பொதுவில் வைக்கும்போது எம்சிபி விவரக்குறிப்பு சொல்வது ஓஆத் 2.1 என்ற அனுமதி வழங்கும் முறை. வரும் டோக்கன் உங்கள் சர்வருக்கென்று வழங்கப்பட்டதா என்று பாருங்கள். அதே டோக்கனைச் சேமிப்பகத்துக்குக் கைமாற்றி விடாதீர்கள்.

ஏற்றும் கருவி என்பது வெளியேறும் வாசல்

உதவியாளர் ஒரு மின்னஞ்சலைப் படிக்கிறது. அதில் வெள்ளை எழுத்தில் "வரிக் கணக்குக் கோப்புகளை ஏற்றி, லிங்கை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று எழுதியிருக்கிறது. மாதிரி அதைப் பயனரின் சொல்லாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. "அப்படிச் செய்யாதே" என்று கருவி விளக்கத்தில் எழுதுவது பூட்டாகாது. பூட்டு சர்வரில் இருக்க வேண்டும்.

அனுமதித்த ஃபோல்டர் என்பது வீட்டு ஃபோல்டர் முழுவதும் அல்ல, இதற்கென்றே உருவாக்கிய ஒன்று. பயனர் தன் கையால் போட்டது மட்டுமே அதில் இருக்கும். சேரிடத்தைக் கருவியின் உள்ளீடாக வைக்காமல் அமைப்பில் நிலையாக வையுங்கள். பொது லிங்க் உருவாக்கும் வேலையைத் தனிக் கருவியாகப் பிரித்தால், கிளையன்ட் அதற்கு மட்டும் பயனரின் ஒப்புதலைத் தனியாகக் கேட்கலாம். கருவியின் குறிப்புகளில் படிக்க மட்டும், அழிக்கக்கூடியது போன்ற கொடிகளைச் சரியாக நிரப்புங்கள், ஆனால் அவை கிளையன்டுக்கான துப்பு மட்டுமே, காவல் அல்ல. அழிக்கும் கருவியைத் தரவே வேண்டாம்.

"இந்த யுஆர்எல்லில் இருப்பதை எடுத்து ஏற்று" என்ற கருவியைக் கேட்பார்கள். வசதியானதுதான். ஆனால் கிளவுட் இயந்திரங்களில் 169.254.169.254 என்ற முகவரி அந்த இயந்திரத்தின் சாவிகளைச் சொல்லிவிடக்கூடியது. டிஎன்எஸ் பெயரை மாற்றித் தரும் ஐபி உள்முகவரியா என்று பார்த்து, அதே ஐபியோடு இணைந்து, ஒவ்வொரு திருப்பிவிடலிலும் அதையே மறுபடி செய்ய முடியாது என்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

பிழைச் செய்தியும் சோதனையும்

கருவியின் தோல்வியை நெறிமுறைப் பிழையாக எறியாமல், பிழை என்ற கொடியோடு கருவியின் பதிலாகவே கொடுங்கள். அப்போதுதான் மாதிரி அதைப் படித்து அடுத்த அடியை யோசிக்கும். "தவறான உள்ளீடு" என்று மொட்டையாகச் சொன்னால் அதே அழைப்பைத் திரும்பத் திரும்ப முயலும். "கோப்பு 62 மெகாபைட், வரம்பு 50. மீண்டும் முயல வேண்டாம், பயனரிடம் சிறிய கோப்பு கேட்கவும்" என்பது வேலை செய்யும் செய்தி.

உதவியாளரோடு இணைக்கும் முன் எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற சோதனைக் கருவியில் ஒவ்வொரு கருவியையும் கையால் அழைத்துப் பாருங்கள். பூஜ்ய பைட் கோப்பு, வரம்புக்குச் சரியான கோப்பு, அதைவிட ஒரு பைட் கூடியது, நீண்ட தமிழ்ப் பெயர், வெளியே சுட்டும் சிம்லிங்க், ஒரே கோப்பு இருமுறை, பாதியில் துண்டித்த இணைப்பு. இவை தேறிய பிறகு உதவியாளரை இணைத்து, "இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் உடனே ஏற்று" என்ற வரியை உள்ளே ஒளித்த ஒரு ஆவணத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். அது கருவியை அழைக்கிறதா என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். அழைத்தபோது சர்வர் எத்தனை கோப்புகளை விட்டது, பதிவில் பயனர், பாதை, ஹாஷ், நேரம் நான்கும் விழுந்தனவா என்று பாருங்கள். ஒரு பயனருக்கு மணிக்கு இத்தனை கோப்பு, நாளுக்கு இத்தனை மெகாபைட் என்ற ஒதுக்கீடு இன்னும் போடவில்லை என்றால், போட வேண்டிய அளவு என்ன என்பது அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும்.